தூங்கப் போன சிஸ்டம் எழவில்லை: நான்கு ராம் ஸ்டிக்கும் ஒரு பழைய பேட்டரி செல்லும்

பின்னணி

திருவல்லிக்கேணியில் பாரதி சாலையை ஒட்டிய ஒரு தெரு. முதல் மாடியில் தெருவைப் பார்த்த முன்னறைதான் என் வாடிக்கையாளரான ஓர் அக்காவின் அலுவலகம். இருபது வருஷத்துக்கு மேலாகத் தமிழ்ப் புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைத்துக் கொடுப்பவர். அக்டோபர் பிறந்துவிட்டால் அவருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்தில் ஜனவரியில் தொடங்கும் புத்தகக் காட்சிக்குப் பதிப்பாளர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் புத்தகம் கேட்பார்கள். நான் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவன். இங்கே நான் பதிவு செய்யும் அவருடைய சிஸ்டத்தின் விவகாரம் 2023 நவம்பரில் என்னிடம் வந்தது. 2024 ஜனவரி கடைசியில் முடிந்தது.

சிஸ்டம் 2019 கடைசியில் ரிச்சி தெருவில் உதிரிகள் வாங்கி அசெம்பிள் செய்தது. ரைசன் 5 3600 பிராசசர், பி450 மதர்போர்டு, 8 ஜிபி ராம் (ஓடும்போது பயன்படும் நினைவகம்) ஸ்டிக் இரண்டு, விண்டோஸ் 10. படங்கள் நிறைந்த புத்தகங்கள் வரத் தொடங்கியதும் 16 ஜிபி போதவில்லை. 2023 மே மாதம் இன்னும் இரண்டு 8 ஜிபி ஸ்டிக் வாங்கிப் போட்டார்கள். போட்டவர் அவருடைய மகன். வெளியூரில் பொறியியல் படிக்கிறார், ஹாஸ்டல் வாசம், இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை சனி, ஞாயிறு வீட்டுக்கு வந்து போவார். பழையதும் புதியதும் வேறு வேறு கம்பெனி என்றாலும் நான்கு ஸ்டிக்கின் மேலும் வேகம் 3200 என்றே அச்சிட்டிருந்தது.

ஜூன் மாதத்திலிருந்து தொல்லை. சிஸ்டத்தை ஸ்லீப்பில் (உறக்க நிலையில்) போட்டுவிட்டுச் சாப்பிடப் போவார். திரும்பி வந்து கீபோர்டைத் தட்டினால் ஃபேன் சுற்றும், விளக்கு எரியும், திரை மட்டும் கறுப்பாகவே இருக்கும். பவர் பட்டனை அமுக்கிப் பிடித்து அணைத்து மறுபடி போட்டால்தான் வரும். திறந்து வைத்திருந்த பக்கங்களில் கொஞ்சம் போயிருக்கும். சில நாட்களில் இதற்கு நேர்மாறான ஒன்றும் நடந்தது: இரவு ஸ்லீப்பில் விட்ட சிஸ்டம் காலையில் பார்த்தால் தானாக விழித்துக்கொண்டு ஓடிக்கொண்டிருக்கும்.

எனக்கு முன்னால் இரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள். முதலாமவர் விண்டோஸை ஃபார்மட் அடித்துப் போட்டார். ஒரு வாரம் நன்றாக இருந்தது, பிறகு பழையபடி ஆனது. இரண்டாமவர் சிஸ்டத்துக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றினார். அதன் பிறகும் பத்து நாள் நன்றாக ஓடி மறுபடி கெட்டது. கடைசியாக ஸ்லீப்பையே அணைத்துவிட்டு, "இதுக்கு ஸ்லீப் ஒத்துக்காது, ஆன்லயே விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்த அக்கா இதை ஏற்கவில்லை. நானும் ஏற்கவில்லை. ஒரே நேரத்தில் பன்னிரண்டு அத்தியாயம், மூலப்பிரதி, பிழைதிருத்தத் தாள் எல்லாம் திறந்து வைத்திருப்பவருக்கு, விட்ட இடத்திலிருந்து தொடர்வது சொகுசு அல்ல, வேலையின் ஒரு பகுதி. மின்கட்டணமும் இருக்கிறது. பிளக்கில் செருகும் வாட் மீட்டரை வைத்துப் பார்த்தேன். சும்மா இருக்கும்போது மானிட்டர் நீங்கலாக 58 வாட், ஸ்லீப்பில் 3 வாட். ஒரு நாளில் 15 மணி நேரம் சும்மா ஓடினால் ஏறக்குறைய 0.8 யூனிட். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் பில்லில் அது 50 யூனிட் அளவுக்கு நிற்கும்.

முதல் வருகை: நவம்பர் 15

தீபாவளி முடிந்த புதன்கிழமை போனேன். முதல் வேலையாக ஸ்லீப்பை மறுபடி இயக்கினேன். விண்டோஸின் மின்சக்தி அமைப்புகளைக் காட்டும் பவர்சிஎஃப்ஜி கட்டளையைக் கொடுத்து இந்த சிஸ்டம் எந்தெந்த நிலைகளை ஆதரிக்கிறது என்று கேட்டேன். எஸ்3 என்ற உறக்க நிலை இருந்தது, ராமில் உள்ளதை டிஸ்க்கில் எழுதிவிட்டு அணையும் ஹைபர்னேட் இருந்தது. அக்கா சொன்ன கோளாறு என் கண் முன்னாலேயே மூன்றாவது முயற்சியில் வந்தது.

கறுப்புத் திரை வந்ததும் நம்மில் பலர் உடனே கிராஃபிக்ஸ் டிரைவரைத் தேடிப் போவோம். அதற்கு முன் ஒரு சின்னச் சோதனை உண்டு. கீபோர்டில் 'நம் லாக்' (Num Lock) விசையை அமுக்கி, அதன் விளக்கு மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். மாறினால் உள்ளே உயிர் இருக்கிறது, படம்தான் வரவில்லை. இங்கே விளக்கு அசையவில்லை. போனிலிருந்து பிங் கொடுத்து, வலையில் சிஸ்டம் பதில் சொல்கிறதா என்று பார்த்தேன், பதில் இல்லை. மறுபடி பூட் செய்து, விண்டோஸ் தன் நிகழ்வுகளை எண்ணிட்டுப் பதியும் ஈவென்ட் வியூவரைத் திறந்தேன். தூங்கப் போனதற்கான 42 என்ற பதிவு இருந்தது. அதற்கு அடுத்து, எதிர்பாராமல் நின்றுபோனதைச் சொல்லும் கெர்னல் பவர் 41. நடுவில், விழித்தெழுந்ததும் பவர் டிரபிள்ஷூட்டர் எழுத வேண்டிய 1 என்ற பதிவு இல்லை. அதாவது விண்டோஸ் கண்ணைத் திறக்கவே இல்லை. விண்டோஸின் கைக்கு வருவதற்கு முன்பே, மதர்போர்டின் ஃபர்ம்வேர் (போர்டிலேயே பதிந்திருக்கும் தொடக்க மென்பொருள்) வேலை செய்யும் கட்டத்திலேயே சிஸ்டம் நின்றுவிடுகிறது. ஃபார்மட் அடித்தது ஏன் பயன்படவில்லை என்பது அப்போதே தெளிவானது.

எஸ்3 என்றால் என்ன என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் புரியும். இந்த உறக்கத்தில் பிராசசருக்கு மின்சாரம் கிடையாது, டிஸ்க்குக்கும் கிடையாது. எஸ்எம்பிஎஸ்ஸின் 5 வோல்ட் ஸ்டான்ட்பை வரி மட்டும் உயிரோடு இருக்கும். அதிலிருந்து கிடைக்கும் சிறு மின்சாரத்தில் ராம் தன்னிடம் உள்ளதைத் தானே புதுப்பித்துக்கொண்டு காத்திருக்கும். சாதாரணமாக பூட் ஆகும்போது ஃபர்ம்வேர் ராமோடு நிதானமாகப் பேசி, எந்த வேகத்தில் எந்த இடைவெளியில் சமிக்ஞை அனுப்பினால் சரியாகப் போய்ச் சேருகிறது என்று அளந்து பார்க்கும். இதை மெமரி டிரெயினிங் என்பார்கள். எழும்போது அந்த அளவையை முழுதாக மறுபடி செய்ய முடியாது, ராமுக்குள் நம் வேலை இருக்கிறதே. முன்பு அளந்து வைத்த மதிப்புகளையே எடுத்துப் போட்டுவிட்டு நேராக விண்டோஸிடம் ஒப்படைத்துவிடும். ஆகவே விளிம்பில் நிற்கும் ஓர் அமைப்பு, பூட் ஆவதிலும் நாள் முழுக்க ஓடுவதிலும் தேறிவிட்டு, எழும் அந்தச் சில கணங்களில் மட்டும் தவறலாம்.

இவ்வளவும் தெரிந்திருந்தும் அன்று நான் தவறான கதவைத் தட்டினேன். பயாஸில் (ஃபர்ம்வேரின் அமைப்புத் திரையில்), ராமை அட்டையில் போட்ட வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி புரொஃபைல் போடப்பட்டு, நான்கு ஸ்டிக்கும் 3200-ல் ஓடிக்கொண்டிருந்தன. சந்தேகம் வந்தது. ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 பென்டிரைவைச் செருகி இரவு முழுக்க ஓட விட்டேன். காலையில் நான்கு சுற்று முடிந்திருந்தது, ஒரு பிழையும் இல்லை. ராம் குற்றமற்றது என்று அதோடு முடிவு கட்டிவிட்டேன். ஓடும்போது ராம் சரியாக இருக்கிறதா என்பதைத்தான் அந்தச் சோதனை சொல்லும். தூங்கி எழும் பாதையை அது தொடுவதே இல்லை.

பிறகு பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல் என்ற அமைப்பை மாற்றினேன். ரைசன் வந்த நாளிலிருந்து எங்கள் தொழிலில் பேசப்படும் விஷயம் இது. சும்மா இருக்கும்போது பிராசசர் இழுக்கும் மின்னோட்டம் மிகவும் குறைந்துபோய், சில எஸ்எம்பிஎஸ்கள் தடுமாறி, சிஸ்டம் ஹேங் ஆகும். அதைத் தவிர்க்க 'டிபிகல் கரன்ட் ஐடில்' என்று வைப்பார்கள். வைத்தேன். ஐந்து முறை தூங்க வைத்து எழுப்பினேன், ஐந்தும் எழுந்தது. ஐந்து முறை போதும் என்று எண்ணியது என் பிழை.

தானாக விழிப்பதற்கான காரணம் எளிதில் கிடைத்தது. கடைசியாக எழுப்பியது யார் என்று பவர்சிஎஃப்ஜியிடம் கேட்டால் நெட்வொர்க் கார்டைக் காட்டியது. அந்த வீட்டில் சிஸ்டம் யூபிஎஸ்ஸில் இருக்கிறது, இணைய ரவுட்டர் இல்லை. மழைக்காலத்தில் கரண்ட் ஒரு நொடி போய் வந்தால் ரவுட்டர் அணைந்து மறுபடி எழும், எழுந்ததும் வலையில் யார் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்துப் பாக்கெட் அனுப்பும். நெட்வொர்க் கார்டில் 'வேக் ஆன் பேட்டர்ன் மேட்ச்' இயங்கிக்கொண்டிருந்ததால் அந்த விசாரிப்புக்கே சிஸ்டம் விழித்துக்கொண்டிருந்தது. டிவைஸ் மேனேஜரில் அதை அணைத்தேன். தொலைவிலிருந்து எழுப்பும் தேவை அவருக்கு இல்லாததால் மேஜிக் பாக்கெட்டையும் அணைத்தேன். அந்தத் தொல்லை அன்றோடு போனது.

நன்றாக ஓடிய இரண்டு வாரம்

நவம்பர் 20-லிருந்து டிசம்பர் 1 வரை ஒருமுறைகூடத் தவறவில்லை. அக்கா போன் செய்து நன்றி சொன்னார். நான் கணக்கை முடித்தேன். டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மறுபடி போன்: "தம்பி, இன்னிக்கு ரெண்டு தடவை எழல. பையன் வந்திருக்கான், அவனும் பாத்தான்." மறுநாள் வருகிறேன் என்றேன்.

மறுநாள் யாரும் எங்கும் போக முடியவில்லை. டிசம்பர் 4, திங்கள். மிக்ஜாம் புயல் மழை. என் வீட்டு வாசலிலேயே முழங்கால் தண்ணீர். அவர் தெருவில் கரண்ட் போய் மூன்றாம் நாள்தான் வந்தது. வெள்ளிக்கிழமை, டிசம்பர் 8 அன்றுதான் போய்ச் சேர்ந்தேன்.

இரண்டாம் வருகை: டிசம்பர் 8

போனால் சிஸ்டம் ஒழுங்காக இருக்கிறது. கரண்ட் வந்ததிலிருந்து ஒருமுறைகூட மக்கர் செய்யவில்லை என்றார். பத்து முறை தூங்க வைத்து எழுப்பினேன், பத்தும் எழுந்தது. ஆனால் திரையின் மூலையில் தேதி, பழைய வருஷமொன்றின் ஜனவரி. "பேங்க் சைட் திறக்க மாட்டேங்குது, செர்டிஃபிகேட்னு ஏதோ சொல்லுது" என்றார். எப்போதிலிருந்து என்று கேட்டேன். "அது அப்பப்ப வர்றதுதானே தம்பி. திங்கக்கெழமை போட்டா கறுப்பா ஒரு ஸ்க்ரீன் வரும், எஃப்2 அமுக்குவேன், போயிடும்."

அப்பப்ப வருவது. அந்த ஒரு வார்த்தையை முதல் வருகையிலேயே நான் கேட்டு வாங்கியிருக்க வேண்டும்.

பயாஸுக்குள் போனேன். ராம் வேகம் 2400, எக்ஸ்எம்பி அணைந்திருந்தது. நவம்பரில் நான் கைப்பட மாற்றிய ஐடில் கன்ட்ரோல் 'ஆட்டோ' என்று நின்றது. நான் செய்த மாற்றமே அங்கே இல்லை. எப்போதிலிருந்து இல்லை? நன்றாக ஓடிய அந்த இரண்டு வாரமும் எந்த அமைப்பில் ஓடியது?

இதற்கு விடை சுவரில் இருந்தது. அக்காவுக்கு ஒரு பழக்கம். தினசரிக் காலண்டரில் கிழித்த தாளைத் தூக்கிப் போடுவதில்லை, பின்பக்கம் கணக்கும் குறிப்பும் எழுதி ஆணியில் செருகி வைப்பார். ஜூன் முதல் அதில் சிஸ்டம் பற்றியும் எழுதி வைத்திருந்தார். பென்சிலில் சின்ன எழுத்து: 'எழல', 'எழல 2', 'தேதி தப்பு', 'நைட் தானா ஆன்'. அந்தக் கற்றையை இறக்கி, ஆறு மாதத்துத் தாள்களை வாரவாரியாகத் தரையில் பரப்பினோம். எண்ணெய்க் கறையும் காபி வட்டமும் படிந்த அந்தத் தாள்கள் எந்த ஈவென்ட் லாகும் சொல்லாததைச் சொல்லின. 'தேதி தப்பு' என்ற குறிப்பு பெரும்பாலும் திங்கட்கிழமைத் தாளில் வந்தது. அது வந்த திங்களுக்குப் பிறகு 'எழல' என்ற சொல்லே இல்லை. 'எழல' தொடங்கிய நாட்கள் எல்லாம் சனி அல்லது ஞாயிறு, ஒரு வாரம் ஓடி அடுத்த சனியோடு நின்றன.

மழையில் கல்லூரி மூடியிருந்ததால் மகனும் வீட்டில் இருந்தார், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் முதலில் கண்டுபிடித்தார். "அண்ணா, இதெல்லாம் நான் வந்த நாள். வர்றப்பல்லாம் தேதி தப்பா இருக்கும், பயாஸ்ல போய் சரி பண்ணுவேன். அப்படியே ராம் 2400ல ஓடுதேன்னு எக்ஸ்எம்பிய போட்டு விடுவேன். 3200க்குக் காசு குடுத்திருக்கோம்ல."

அவர் செய்ததில் குற்றம் ஒன்றுமில்லை. அட்டையில் எழுதியிருப்பதை நம்பினார், அவ்வளவுதான்.

என்ன நடந்துகொண்டிருந்தது

மதர்போர்டில் நாணயம் போல ஒரு சிஆர்2032 செல் உண்டு. பிளக்கில் மின்சாரம் இருக்கும்வரை கடிகாரத்துக்கு ஸ்டான்ட்பை வரியே உணவு கொடுத்துவிடும், செல் தேவைப்படாது. சுவரில் சுவிட்சை அணைத்தால்தான் செல்லின் மேல் பாரம் விழும். அக்கா வாரநாட்களில் சிஸ்டத்தை ஸ்லீப்பில் விடுவார். சனிக்கிழமை இரவு முழுக்க ஷட்டவுன் செய்து, யூபிஎஸ்ஸையும் சுவரில் சுவிட்சையும் அணைத்துவிடுவார். ஞாயிறு வேலை கிடையாது. நான்கு வயது செல்லுக்கு அந்த ஒன்றரை நாளைத் தாங்கச் சக்தி இல்லை. மல்டிமீட்டரில் 2.1 வோல்ட் காட்டியது. புதிதாக இருந்தால் 3 வோல்ட்டோ அதற்குக் கொஞ்சம் மேலோ இருக்க வேண்டும். செல் விழுந்ததும் கடிகாரம் தொலையும். பெரும்பாலான போர்டுகளைப் போல இதுவும் அடுத்த முறை எழும்போது எல்லா அமைப்பையும் கம்பெனி நிலைக்கு மாற்றிவிடும். கம்பெனி நிலையில் ராம் 2400. 2400-ல் ஸ்லீப் பிரமாதமாக வேலை செய்தது.

மகன் வருவார், எக்ஸ்எம்பி போடுவார். அவர் இருக்கும் ஞாயிறன்று சுவிட்ச் அணையாது, ஆகவே அந்த வாரம் 3200-லேயே ஓடித் தவறும். அடுத்த சனி இரவு சுவிட்ச் அணையும், திங்களன்று எல்லாம் சரியாகிவிடும். அடுத்த வருகை வரை நல்ல காலம். ஃபார்மட் அடித்த தாளையும் எஸ்எம்பிஎஸ் மாற்றிய தாளையும் தேடி எடுத்தோம். ஒன்று வெள்ளி, ஒன்று சனி. இரண்டுமே கெட்ட வாரத்தின் கடைசியில் நடந்த வேலைகள். நான் முதலில் போனது தீபாவளிக்கு மகன் வந்துபோன வாரம். ஆக, நாங்கள் மூவரும் செய்த மூன்று சிகிச்சையும் பலித்ததாகத் தோன்றியதற்கு ஒரே காரணம், சனிக்கிழமை இரவு அணைக்கப்பட்ட ஒரு சுவிட்ச். என்னை ஏமாற்றியதில் இன்னொன்றுக்கும் பங்கு உண்டு. நெட்வொர்க் கார்டை நான் திருத்தியது விண்டோஸுக்குள், அதை செல் அழிக்க முடியாது. அந்தப் பாதி நிலைத்ததால் மறுபாதியும் நிலைத்தது என்று நம்பிவிட்டேன்.

இதுவரை இது தாள்களிலிருந்து வந்த ஊகம்தான். அதற்குப் புயல் ஒரு சாட்சி கொடுத்தது. பழைய கணக்குப்படி டிசம்பர் 4-ல் தொடங்கிய வாரம் கெட்ட வாரமாக இருந்திருக்க வேண்டும். முந்தைய சனியன்றுதான் மகன் எக்ஸ்எம்பி போட்டார், ஞாயிறு இருமுறை தவறியது. மூன்று நாள் கரண்ட் இல்லாமல் போனதில் யூபிஎஸ்ஸும் அணைந்து, அமைப்பு அழிந்து, வாரத்தின் நடுவிலேயே சிஸ்டம் குணமாகிவிட்டது.

எடுத்த முடிவுகள், அவற்றின் வரிசை

முதலில் செல். ரிச்சி தெருவில் அப்போது ஐம்பது ரூபாய்க்குள் கிடைத்த பொருள். அதை முதலில் மாற்றியதற்குக் காரணம், அமைப்பு நிலைக்காத போர்டில் செய்யும் எந்தச் சோதனைக்கும் அர்த்தம் இல்லை. மாற்றி, தேதியைத் திருத்தி, பயாஸின் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்தேன். வெள்ளி இரவு சுவிட்சை அணைத்துவிட்டு வந்தேன். சனி காலை போட்டால் தேதி சரி, அமைப்பும் வைத்தது வைத்தபடி இருந்தது.

பிறகு ராம். ஐந்து முறை தட்டி எழுப்பிப் பார்க்கும் வழக்கத்தைக் கைவிட்டு, விண்டோஸ் டிரைவர் எழுதுபவர்களுக்கான கருவித் தொகுப்பில் வரும் பவர்டெஸ்ட்டைப் பயன்படுத்தினேன். இத்தனை முறை தூங்கு, இத்தனை விநாடி கழித்து எழு என்று சொன்னால் அது தானே செய்துகொண்டிருக்கும். ஒரு ஓட்டத்துக்கு 40 முறை, ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரம். ஓர் ஓட்டத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றுவது என்று வைத்துக்கொண்டேன்.

நான்கு ஸ்டிக், 3200: ஏழாவது முறையில் நின்றது. மறுபடி ஓட்டினேன், பன்னிரண்டாவதில் நின்றது. பழைய ஜோடி மட்டும், 3200: நாற்பதும் எழுந்தது. புதிய ஜோடி மட்டும், 3200: நாற்பதும் எழுந்தது. ஆகவே எந்த ஸ்டிக்கும் கெட்டதல்ல. நான்கும் சேர்ந்து, 2933: முப்பத்தொன்றாவது முறையில் நின்றது. ஐந்து முறையோடு விட்டிருந்தால் இதைச் சரி என்று எழுதிவிட்டு வந்திருப்பேன். நான்கும் சேர்ந்து, 2666: நாற்பதும் எழுந்தது. இரவு 100 முறை ஓட விட்டேன், நூறும் எழுந்தது.

இந்த எண்கள் காற்றில் வந்தவை அல்ல. 3000 வரிசை ரைசன்களுக்கு ஏஎம்டி அறிவித்திருக்கும் எல்லையே இப்படித்தான் இருக்கிறது: இரண்டு ஸ்டிக் என்றால் 3200, ஒற்றை ரேங்க் (சிப்கள் ஒரே தொகுதியாக உள்ள) ஸ்டிக் நான்கு என்றால் 2933, இரட்டை ரேங்க் நான்கு என்றால் 2666 அளவு. ஸ்டிக் கூடக் கூட பிராசசருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலரின் பாரம் கூடும், எட்டக்கூடிய வேகம் குறையும். அட்டையில் 3200 என்று போட்டிருப்பது அந்த ஒரு ஜோடிக்கு மட்டுமான வாக்கு. தனித்தனியாக வாங்கிய இரண்டு ஜோடிகளைச் சேர்த்துப் போட்டு யாரும் சோதித்துக் கொடுக்கவில்லை. எக்ஸ்எம்பி என்பதும் கம்பெனி நிலைக்கு மேலே ஏற்றும் வேகம், போட்டே ஆக வேண்டிய ஒன்று அல்ல.

இரண்டு ஸ்டிக்கைக் கழற்றிவிட்டால் 3200 கிடைக்கும், ஆனால் 16 ஜிபிக்குத் திரும்ப வேண்டும். அக்காவிடம் கேட்டேன். அவருக்கு வேகம் அல்ல, இடம்தான் முக்கியம். 400 பக்கப் படப் புத்தகத்தை 32 ஜிபியில் 2666-ல் திறந்து காட்டினேன். "எனக்கு வித்தியாசமே தெரியல தம்பி" என்றார். 2666 என்று முடிவானது. மின்னழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்றி 3200-ஐ நிலைநிறுத்தப் பார்க்கலாமே என்று மகன் கேட்டார். முடியலாம்தான். புத்தகக் காட்சிக்கு மூன்றரை வாரம் இருக்கையில், சம்பாதித்துக் கொடுக்கும் சிஸ்டத்தில் அந்தப் பரிசோதனையைச் செய்ய எனக்கு மனமில்லை. ஐடில் கன்ட்ரோலை ஆட்டோவிலேயே விட்டேன், அது காரணமே அல்ல என்று தெரிந்துவிட்டதே.

இன்னொரு முடிவு ஹைப்ரிட் ஸ்லீப். எஸ்3-ல் தூங்கும்போது கரண்டும் போய் யூபிஎஸ்ஸும் தீர்ந்தால் ராமில் இருப்பது எல்லாம் போய்விடும். ஹைப்ரிட் ஸ்லீப் தூங்குமுன் அதை டிஸ்க்கிலும் எழுதி வைக்கும். 32 ஜிபி ராமுக்கு ஹைபர்னேட் கோப்பு இயல்பாக 40 சதவீதம், அதாவது 13 ஜிபி அளவு எஸ்எஸ்டியில் இடம் பிடிக்கும். கொடுக்கலாம் என்று தோன்றியது. தூங்க வைத்துவிட்டு, அக்காவின் முன்னாலேயே பிளக்கைப் பிடுங்கினேன். "ஐயோ" என்றார். மறுபடி செருகி பட்டனை அமுக்கினேன். கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டு, பாதி அடித்திருந்த அதே வரியில் வந்து நின்றது.

பயாஸ் அப்டேட்டை மட்டும் வேண்டுமென்றே தள்ளிப்போட்டேன். அந்த போர்டுக்குப் புதிய பதிப்புகள் வந்திருந்தன, மெமரி பொருத்தம் மேம்பட்டதாக அவற்றின் குறிப்பில் இருந்தது. ஆனால் அதை முதலில் செய்திருந்தால் குணமானது செல்லாலா, வேகத்தாலா, அப்டேட்டாலா என்று தெரியாமலே போயிருக்கும்.

பின்னர் நடந்தது

டிசம்பர் 10-லிருந்து புத்தகக் காட்சி தொடங்கிய ஜனவரி 3 வரை காலண்டர் தாளில் ஒரு 'எழல'கூட இல்லை. மூன்று சனிக்கிழமைகள் சுவிட்ச் அணைந்தது, தேதி நின்றது. மகன் ஒருமுறை வந்து போனார், எக்ஸ்எம்பியைத் தொடவில்லை. 2666-ல் ஏன் இருக்கிறது என்பது இப்போது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

பொங்கலும் காட்சியும் முடிந்து ஜனவரி கடைசி வாரம் பயாஸை அப்டேட் செய்தேன். யூபிஎஸ் பேட்டரி நிறைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். டிரைவ் என்கிரிப்ஷன் இயங்குகிறதா என்றும் முன்கூட்டியே பார்த்தேன். இயங்கினால் ஃபர்ம்வேர் மாறியதும் ரெகவரி கீ கேட்கும், அதைக் கையில் வைத்துக்கொள்ளாமல் தொடங்கினால் கோப்பெல்லாம் பூட்டிய பெட்டிக்குள் போய்விடும். இங்கே இயங்கவில்லை. எதிர்பார்த்தபடி அப்டேட் எல்லா அமைப்பையும் அழித்தது. டிசம்பரில் எடுத்த படங்களைப் பார்த்துத் திரும்ப வைத்தேன். 2933-ஐ மறுபடி சோதித்தேன், இந்த முறை நாற்பதும் எழுந்தது. இருந்தும் 2666-க்கே திரும்பினேன். அக்காவுக்கு அந்த வித்தியாசத்தால் கிடைக்கப்போவது எதுவும் இல்லை. அந்த அமைப்பில் 100 முறையும் ஓர் இரவும் என் கையில் இருக்கிறது.

இனி மாற்றிக்கொள்வது

போனில் குறை கேட்கும்போதே மூன்று கேள்விகளைச் சேர்த்துக்கொண்டேன்: சமீபத்தில் ராம் ஏதும் போட்டீர்களா, தேதி எப்போதாவது மாறிப்போகிறதா, இந்த சிஸ்டத்தில் வேறு யார் உட்காருகிறார்கள். நவம்பரில் இந்த மூன்றில் ஒன்றைக் கேட்டிருந்தாலும் போதுமாக இருந்திருக்கும்.

எந்த அமைப்பையும் தொடுமுன் பயாஸ் பக்கங்களைப் படம் எடுக்கிறேன், முடித்ததும் மறுபடி எடுக்கிறேன். ஸ்லீப் புகார் என்றால் 40 முறைக்குக் குறைந்து எழுப்பிவிட்டுச் சரி என்று சொல்வதில்லை. அந்த வீட்டின் வழக்கப்படி ஒரு முழு வாரம், சுவிட்ச் அணையும் சனி இரவும் சேர்த்து, கடந்த பிறகுதான் கணக்கை முடிக்கிறேன். மெம்டெஸ்ட் சுத்தமாக வந்தால் 'ஓடும்போது ராம் சரி' என்று மட்டும் எழுதிக்கொள்கிறேன். நான்கு வயது தாண்டிய போர்டு எதுவானாலும் செல்லை அளந்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

டிசம்பர் வருகைக்கு அக்காவிடம் செல்லின் விலை மட்டும் வாங்கினேன், நவம்பரில் முடிக்காத வேலைக்குத்தான் ஏற்கெனவே பணம் வாங்கியிருந்தேனே. இறுதி அமைப்பை ஒரு தாளில் எழுதி கேபினெட்டின் பக்கத் தகட்டுக்கு உட்புறம் ஒட்டினேன்: ராம் 2666, எக்ஸ்எம்பி வேண்டாம், ஐடில் ஆட்டோ, செல் மாற்றியது டிசம்பர் 2023. அந்தத் தாளும் அவர் எடுத்துக் கொடுத்ததுதான், டிசம்பர் 9-ஆம் தேதித் தாளின் பின்பக்கம்.